ஃபயர்ஃபாக்ஸின் அபவுட் பக்கங்கள்: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஃபயர்ஃபாக்ஸின் மறைவான பக்கங்கள் என்றாலே எல்லோரும் உள் செட்டிங்குகளை மாற்ற உதவும் அபவுட்:கான்ஃபிக் பற்றித்தான் பேசுகிறார்கள். "இந்த வேல்யூவை மாத்துங்க, பிரவுசர் பறக்கும்" என்று வரும் டிப்ஸ் அத்தனையும் அதைச் சுற்றித்தான். பல வருடங்களாக இதே பிரவுசரில் நாள் முழுக்க வேலை பார்க்கிறேன். எனக்கு நிஜமாகக் கைகொடுத்தவை, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட மட்டுமே செய்யும் பக்கங்கள். அட்ரஸ் பாரில் அபவுட்:அபவுட் என்று டைப் செய்தால் அவற்றின் பட்டியல் வந்துவிடும்.

முதலில் திறக்க வேண்டியது அபவுட்:சப்போர்ட். வீட்டு லேப்டாப்பில் யூடியூப் வீடியோ முழுத்திரையில் திக்கித் திக்கி ஓடியது, ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. நெட் ஸ்பீடு போதவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இந்தப் பக்கத்தின் கிராபிக்ஸ் பகுதியைப் பார்த்தால், 'கம்போசிட்டிங்' என்ற வரியில் வெப்ரெண்டர் (பக்கத்தைத் திரையில் வரையும் பகுதி) என்பதோடு 'சாஃப்ட்வேர்' என்றும் சேர்ந்திருந்தது. திரையில் வரைகிற வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் பிராசசர் தலையில் விழுகிறது என்று அதற்கு அர்த்தம். அதற்கான காரணமும் கீழே 'டிசிஷன் லாக்' பகுதியில் இருந்தது: கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் பழைய டிரைவர் தடைப்பட்டியலில் இருக்கிறது. டிரைவரை அப்டேட் செய்ததும் அந்த 'சாஃப்ட்வேர்' மறைந்தது.

பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு விடை அதே பக்கத்தின் கோடெக் (வீடியோவைச் சுருக்கி, பிறகு விரிக்கும் முறை) அட்டவணையில் கிடைத்தது. எச்.264, விபி9 இரண்டையும் அந்த லேப்டாப் ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும், ஏவி1 மட்டும் முடியாது. யூடியூபோ முடிந்த இடத்திலெல்லாம் ஏவி1 அனுப்புகிறது. அதன் பிறகுதான் அபவுட்:கான்ஃபிக் போனேன். மீடியா.ஏவி1.எனேபிள்டு என்பதை ஃபால்ஸ் ஆக்கியதும் விபி9 வரத் தொடங்கியது, ஃபேன் சத்தமும் அடங்கியது. புதிய லேப்டாப் வைத்திருப்பவர் இதே மாற்றத்தைச் செய்தால் நஷ்டம்தான். அதே படத்தரத்துக்கு ஏவி1 குறைவான டேட்டாவே எடுக்கும். அதனால் அட்டவணையைப் பார்க்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

தினமும் நான் திறப்பது அபவுட்:பிராசசஸ். 2021 கடைசியிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனி பிராசஸ் (தனியாக ஓடும் புரோகிராம் பகுதி) ஒதுக்குவதால், எந்தத் தளம் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கிறது என்பது வரிவரியாகத் தெரிகிறது. பக்கத்திலுள்ள எக்ஸ் குறியை அழுத்தினால் அந்த பிராசஸ் மட்டும் நிற்கும். டேப் இருந்த இடத்திலேயே இருக்கும், மறுபடி கிளிக் செய்தால் புதிதாக லோட் ஆகும். 4 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு டேப்களை மூட மனசு வராதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸ் என்ற ஒரே பெயரில் குவிந்து கிடக்கும், எதைக் கொல்வது என்றே புரியாது.

அபவுட்:மெமரி டெவலப்பர்களுக்கானது. அதில் 'மினிமைஸ் மெமரி யூசேஜ்' பட்டன் ஒன்றே நமக்குப் போதும். சர்வர் மாற்றிய பிறகும் பழைய முகவரிக்கே பிரவுசர் ஓடினால், அபவுட்:நெட்வொர்க்கிங்கில் தள முகவரிகளை நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் கேஷை மட்டும் துடைக்கலாம்.

இப்போது அபவுட்:கான்ஃபிக். மாற்றப்பட்ட வரிகள் தடித்த எழுத்தில் வரும், அவற்றை மட்டும் காட்டும் செக்பாக்ஸும் உண்டு. அந்த வரிகளின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். வளைந்த அம்பு இருந்தால் பழைய மதிப்புக்குத் திரும்பலாம். குப்பைத்தொட்டி இருந்தால், அந்தப் பெயருக்கு பிரவுசரிடம் டீஃபால்ட் மதிப்பே இல்லை. நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் பார்த்தபோது, பைப்லைனிங் பெயரில் வரிசையாகக் குப்பைத்தொட்டிகள். பதிலுக்குக் காத்திராமல் சர்வருக்குக் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்புவதற்காக, ஒரு காலத்தில் வேகத்துக்கு எல்லோரும் சிபாரிசு செய்த செட்டிங் அது. 2017இல் 54ஆம் பதிப்போடு அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். வரிகள் மட்டும் புரொஃபைலில் (ஒருவரின் செட்டிங்குகளும் புக்மார்க்குகளும் இருக்கும் ஃபோல்டர்) தங்கி, வேலை எதுவும் செய்யாமல் கிடந்தன. மறைவாக இயங்கும் சில செட்டிங்குகளுக்கும் தொட்டி வரும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். என்ன வரி என்று தேடிப் பார்த்து அழியுங்கள்.

நான் நிரந்தரமாக வைத்திருக்கும் மாற்றங்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். அம்மாவின் கம்ப்யூட்டரில் டெவ்பிக்சல்ஸ் என்று தேடினால் வரும் லேஅவுட் செட்டிங்கை -1.0இலிருந்து 1.25 ஆக்கியிருக்கிறேன். பக்கத்தோடு மெனு, டேப் எழுத்துகளும் சேர்ந்து பெரிதாகும். தமிழ்த் தலைப்புகளில் புள்ளியும் கொம்பும் இப்போது அவருக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

புதிதாக எதையாவது முயல்வதென்றால் அபவுட்:ப்ரொஃபைல்ஸில் தனி புரொஃபைல் உருவாக்கி அதில் செய்கிறேன். யாரிடமாவது உதவி கேட்கும்போது அபவுட்:சப்போர்ட்டின் மேலேயுள்ள காப்பி பட்டனால் முழு விவரத்தையும் எடுத்து அனுப்பிவிடுவேன். எக்ஸ்டென்ஷன் பட்டியலும் அதில் இருக்கும் என்பதால் பொது இடத்தில் போடும் முன் ஒருமுறை படியுங்கள். அங்கேயே 'ரெஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்' என்ற பட்டனும் உண்டு. புக்மார்க், பாஸ்வேர்டு தங்கும். எக்ஸ்டென்ஷன்களும் நீங்கள் மாற்றிய செட்டிங்குகளும் போய்விடும். அதனால் அழுத்தும் முன் எக்ஸ்டென்ஷன் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.