டால்மேஷியக் கரையா, துருக்கிக் கரையா?

யாட் என்கிற உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் கடலோரமாகவே சுற்ற வேண்டுமென்றால் எனக்கு முதலில் தோன்றுவது இந்த இரண்டும்தான்.

குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் துறைமுகமே ஊர். ஸ்ப்ளிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிய அரண்மனைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து ஹ்வார், கோர்ச்சுலா தீவுகள், அப்புறம் டுப்ரோவ்னிக் நகரம். தீவுகள் நெருக்கமாக இருப்பதால் தினமும் சில மணி நேரம் ஓட்டினால் போதும். விஸ் தீவை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு அங்கே அனுமதியில்லை. நீர்மூழ்கிக் கப்பலை மறைக்க மலையைக் குடைந்த சுரங்கம் அப்படியே இருக்கிறது, கடல் வழியாகவே அதன் வாயிலை அடையலாம்.

துருக்கியின் தென்மேற்குக் கரையில் ஊர்களைவிட இடிபாடுகளே அதிகம் பேசும். நிடோஸ் என்ற பண்டைய கிரேக்க நகரத்துக்கு இரண்டு துறைமுகங்கள்: ஒன்று வணிகத்துக்கு, மற்றது போர்க்கப்பல்களுக்கு. கெகோவா தீவில் நிலநடுக்கத்தில் மூழ்கிய சுவர்களும் படிக்கட்டுகளும் தெளிந்த நீருக்கடியில் தெரிகின்றன.

காற்று இரண்டு இடத்திலும் உண்டு. டால்மேஷியாவில் வடகிழக்கிலிருந்து திடீரென்று பாயும் போரா, துருக்கியில் கோடையில் வீசும் மெல்டெமி.

குரோஷியாவில் நாமே ஓட்ட உரிமமும் ரேடியோ சான்றிதழும் வேண்டும். துருக்கியின் குலெட் மரப்படகு மாலுமிகள், சமையல்காரரோடு சேர்ந்தே வருகிறது. வயதான பெற்றோர் கூட வந்தால் சரி, குலெட்தான். சுக்கான் பிடிக்கத் தெரிந்த நண்பர்கள் இருந்தால் நான் விஸ்ஸுக்கே போவேன்.