விலகுவதா, கூட நிற்பதா: 2016-இல் ஆறு குடியரசுக் கட்சியினர் எடுத்த ஆறு முடிவுகள்

2016 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை. பெண்களைப் பற்றி டொனால்ட் ட்ரம்ப் 2005-இல் பேசிய பேச்சின் பதிவை அன்று வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. தேர்தலுக்கு ஒரு மாதம்தான் மீதி. மறுநாள் பொழுது சாய்வதற்குள் குடியரசுக் கட்சியின் செனட்டர்கள், ஆளுநர்கள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் எனப் பலர் தங்கள் அதிபர் வேட்பாளரைக் கைவிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சபாநாயகர் பால் ரையன் தொலைபேசி வழியே தன் உறுப்பினர்களிடம் பேசினார். இனி ட்ரம்பைத் தற்காத்துப் பேசப்போவதில்லை என்றார். அவரவர் தொகுதிக்கு எது நல்லதோ அதைச் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

தொகுதிக்கு எது நல்லது? அந்தக் கேள்விக்கு அந்த ஆண்டு ஆறு பேர் ஆறு விதமாகப் பதில் சொன்னார்கள். ஆறு பேருக்குமே தோல்வி பயம் இருந்தது. யாருடைய கணக்கு பலித்தது, யாருடையது பொய்த்தது என்பதை எண்களோடு பார்க்கலாம். கடைசி மாதத்தில் எடுக்கும் விலகலுக்கு வாக்காளரிடம் மதிப்பே இல்லை என்பது என் முடிவு. ஆண்டுக்கணக்கில் சேர்த்த தனிப்பெயருக்கு மட்டும்தான் கொஞ்சம் மதிப்பு உண்டு.

அதற்கு முன் ஒரு விளக்கம். தலைமை கைகாட்டியவருக்கே சீட்டு என்பது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரையும் செனட் வேட்பாளரையும் உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே அதிபர் வேட்பாளரைப் பகைத்துக்கொண்டாலும் சீட்டு பறிபோகாது. ஆனால் இருவர் பெயரும் ஒரே வாக்குச்சீட்டில் இருக்கும். புறநகரில் வசிக்கும் படித்த பெண் வாக்காளருக்கு ட்ரம்பைப் பிடிக்காது. கட்சியின் அடித்தளத் தொண்டருக்கு ட்ரம்ப்தான் எல்லாம். இழுபறி மாநிலத்தில் ஜெயிக்க இந்த இருவரும் வேண்டும். இதைக் கட்சி முன்பே உணர்ந்திருந்தது. ட்ரம்ப் வேட்பாளரானால் என்ன செய்வது என்று செனட் பிரசாரக் குழு 2015-இலேயே ஏழு பக்க ரகசியக் குறிப்பு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தது.

முதலிலேயே விலகியவர்

இல்லினாய் செனட்டர் மார்க் கிர்க் பதிவு வெளியாகும்வரை காத்திருக்கவில்லை. மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஒரு நீதிபதி தன் வழக்கில் நடுநிலையாக இருக்க முடியாது என்று ட்ரம்ப் பேசியதும், ஜூன் மாதமே கிர்க் ஆதரவை விலக்கிக்கொண்டார். கட்சியை எதிர்த்து நின்றவர் என்று தன்னைப் பற்றித் தொலைக்காட்சி விளம்பரமும் கொடுத்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் டாமி டக்வொர்த்திடம் ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார். அதே மாநிலத்தில் ஹிலரி கிளின்டன் ட்ரம்பை 17 புள்ளிகளில் வென்றார். ஐந்து மாதம் முன்னதாகவே முறித்துக்கொண்டதற்குக் கிடைத்த பலன் வெறும் இரண்டு புள்ளி. தாய்லாந்தில் பிறந்த டக்வொர்த்தின் குடும்பத்தைப் பற்றி விவாத மேடையில் கிர்க் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குக் கூடுதல் சேதம் செய்தது. அது இல்லாவிட்டாலும் இல்லினாய் அவருக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த ஆறு பேரில் கட்டாயம் கழுத்தைப் பிடிப்பதற்கு முன்பே பேசியவர் இவர் ஒருவர்தான். அந்த மரியாதை அவருக்கு உரியது.

பாதி வழி நடந்தவரும் கடைசியில் குதித்தவரும்

நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் கெல்லி அயோட்டின் கதைதான் எனக்கு மிகவும் உறுத்துவது. மாநிலத்தின் முன்னாள் தலைமை வழக்கறிஞர், கவனமாகப் பேசுபவர். ட்ரம்புக்கு வாக்களிப்பேன், ஆனால் அவருக்கு வெளிப்படையாக ஆதரவு அறிவிக்க மாட்டேன் என்பது மாதக்கணக்கில் அவர் நிலைப்பாடாக இருந்தது. அந்த வேறுபாட்டை விளக்கச் சொல்லி நிருபர்கள் விடாமல் கேட்டார்கள். அக்டோபர் 3 அன்று, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஆளுநர் மேகி ஹசனுடன் விவாதம் நடந்தது. ட்ரம்பை முன்மாதிரியாகக் கொள்ளும்படி ஒரு குழந்தையிடம் சொல்வீர்களா என்று கேட்டார்கள். அவர் தடுமாறினார், சுற்றி வளைத்தார், கடைசியில் நிச்சயமாகச் சொல்வேன் என்று முடித்தார். அன்று இரவே, தவறாகப் பேசிவிட்டேன் என்று அறிக்கை விட்டார். நான்கே நாளில் பதிவு வெளியானது. ஐந்தாம் நாள் ட்ரம்பை முழுமையாகக் கைவிட்டு, துணை அதிபர் வேட்பாளர் மைக் பென்ஸின் பெயரை வாக்குச்சீட்டில் எழுதப்போவதாக அறிவித்தார்.

ஒரே வாரத்துக்குள் மூன்று நிலைப்பாடுகள். எந்த வாக்காளருக்கு இது நம்பிக்கை தரும்? ட்ரம்பை வெறுப்பவர் திங்கட்கிழமை விவாதத்தை நினைவில் வைத்திருப்பார். ட்ரம்பை விரும்புபவர் சனிக்கிழமை அறிக்கையை நினைவில் வைத்திருப்பார். அயோட் 1,017 வாக்குகளில் தோற்றார். சுயேச்சையாக நின்ற ஒரு வலதுசாரி வேட்பாளருக்கு மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அதே மாநிலத்தில் ட்ரம்ப் தோற்றது சுமார் 2,700 வாக்குகளில். கூட்டிக் கழித்தால் இருவரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள்.

நெவாடாவின் ஜோ ஹெக் இன்னும் தெளிவான சான்று. மருத்துவர், ராணுவ ரிசர்வ் படையின் பிரிகேடியர் ஜெனரல், பிரதிநிதிகள் சபை உறுப்பினர். ஹாரி ரீட் ஓய்வு பெறுவதால் காலியாகும் செனட் இடத்துக்குப் போட்டியிட்டார். அதுவரை ட்ரம்பை ஆதரித்தவர், அக்டோபர் 8 அன்று லாஸ் வேகஸ் பொதுக்கூட்ட மேடையில் ஏறி, இனி ஆதரிக்க முடியாது, ட்ரம்ப் போட்டியிலிருந்து ஒதுங்க வேண்டும் என்றார். கூட்டத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. கூச்சலிட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்லர். அவருக்கு வாக்களிக்க வந்திருந்த சொந்தக் கட்சியினர்.

நெவாடா வாக்குச்சீட்டில் ‘இவர்களில் எவரும் இல்லை’ என்று ஒரு வரி 1970-களிலிருந்தே உண்டு. நாம் நோட்டா என்கிறோமே, அதுதான். அந்த ஆண்டு செனட் போட்டியில் அந்த வரிக்கு 42,000-க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. அதே நாளில் அதிபர் போட்டியில் அது பெற்றது 29,000-க்கும் குறைவு. ஹெக் தோற்ற வித்தியாசமோ 27,000-க்கும் கீழே. அந்தக் கூடுதல் நோட்டா முழுவதும் கோபித்துக்கொண்ட ட்ரம்ப் ஆதரவாளர்களுடையது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் கேத்தரின் கோர்ட்டெஸ் மாஸ்ட்டோவிடம் ஹெக் தோற்றது 2.4 புள்ளியில், ட்ரம்ப் நெவாடாவில் தோற்றதும் 2.4 புள்ளியில். விலகியதால் புறநகரில் சில வாக்குகள் வந்திருந்தால், கிராமப்புறத்தில் அதே அளவு போயிருக்கிறது. அத்தனை கூச்சலைத் தாங்கியும் ஒரு புள்ளிகூட நகரவில்லை.

வாய் திறக்காதவரும் கூடவே நின்றவரும்

பென்சில்வேனியாவின் பாட் டூமி ஆதரிப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதிர்த்து நின்ற கேட்டி மெக்கின்டி அவரை ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லியே துளைத்தார். வாக்குப்பதிவு முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போது வாக்களித்துவிட்டு வந்து, ட்ரம்புக்கே வாக்களித்தேன் என்றார். வென்றார், வித்தியாசம் 1.4 புள்ளி. ட்ரம்ப் அங்கே வென்றது 0.7 புள்ளியில். டூமியின் மௌனத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. ஆறு ஆண்டுக்குப் பதவி கேட்பவர், நாட்டின் முதல் கேள்விக்குப் பதிலை மறைத்து வைப்பது வாக்காளரை மதிப்பதாகாது. ஆனால் தந்திரம் என்று பார்த்தால் அது சேதம் செய்யவில்லை. எந்தப் பக்கமும் முழுதாகக் கோபப்பட அவர் காரணம் கொடுக்கவில்லை.

விஸ்கான்சினின் ரான் ஜான்சன் ட்ரம்பின் பேச்சைக் கண்டித்துவிட்டு ஆதரவைத் தொடர்ந்தார். ஆண்டு முழுவதும் கருத்துக்கணிப்புகள் ரஸ் ஃபைன்கோல்டை முன்னால் காட்டின. கடைசியில் ஜான்சன் 3.4 புள்ளியில் வென்றார். ட்ரம்ப் அதே மாநிலத்தில் ஒரு புள்ளிக்கும் குறைவாகவே வென்றார். விலகினால்தான் நடுநிலை வாக்குகள் வரும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு அந்த ஆண்டு இல்லை. விலகாதவருக்கே கூடுதல் வாக்கு கிடைத்திருக்கிறது.

தனக்கென்று பெயர் சேர்த்தவர்

ஒஹாயோவின் ராப் போர்ட்மன் அதே அக்டோபர் 8 அன்றுதான் விலகினார். அயோட் சொன்ன அதே பென்ஸ் பெயரைத்தான் சொன்னார். ஆனால் டெட் ஸ்ட்ரிக்லண்டை 21 புள்ளியில் தோற்கடித்தார். ட்ரம்ப் ஒஹாயோவை வென்றது 8 புள்ளியில். ஒரே நாள், ஒரே அறிவிப்பு, ஆனால் முடிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

காரணம் அக்டோபரில் இல்லை. ஒஹாயோவை வாட்டிய ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்கு எதிராகப் போர்ட்மன் பல ஆண்டு உழைத்துக் கொண்டுவந்த மசோதாவில் ஒபாமா ஜூலை மாதம் கையெழுத்திட்டிருந்தார். முன்பு வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தங்களைப் பேசும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியாக இருந்தவர் என்ற அவப்பெயரைப் போக்க, பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்தார். வழக்கமாக ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்கும் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் ஒஹாயோவில் அவரை ஆதரித்தது. அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடு அவர் மாநிலத்தின் கிளீவ்லாந்திலேயே நடந்தபோது, அவர் காயமுற்ற முன்னாள் ராணுவத்தினரோடு கயாக் படகு ஓட்டினார், ஏழைகளுக்கு வீடு கட்டும் பணியில் கைகொடுத்தார். பதிவு வெளியாவதற்கு வெகு முன்பே ஜனநாயகக் கட்சி ஒஹாயோவில் செலவைக் குறைக்கத் தொடங்கிவிட்டது. ஆக, போர்ட்மன் விலகியதால் வெல்லவில்லை. வெற்றி உறுதியானதால் விலக முடிந்தது. இதே அடையாளத்தோடு அரிசோனாவில் ஜான் மெக்கெய்னும் அதே நாளில் விலகி, 13 புள்ளியில் வென்றார்.

அப்படியானால் எந்த வழி?

அந்த ஆண்டு 34 செனட் இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் அதிபர் போட்டியில் வென்ற கட்சியே செனட்டையும் வென்றது. செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய ஒரு நூற்றாண்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. இந்த ஒரு தகவலை அக்டோபர் 8 அன்று அறிந்திருந்தால் ஹெக் மேடையேறியிருப்பாரா என்பது ஐயமே.

வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் என் வரிசை இது: தனிப்பெயர் முதலில், உறுதியாகக் கூட நிற்பது அடுத்தது, மௌனம் மூன்றாவது, முன்கூட்டிய விலகல் நான்காவது, கடைசி நேர விலகல் கடைசி. நேர்மையை அளவுகோலாகக் கொண்டால் கிர்க் மேலே வருவார், டூமி கீழே போவார். அயோட்டின் பாதி வழி மட்டும் இரண்டு பட்டியலிலும் தேறாது.

அதிபரும் செனட்டரும் ஒரே கட்சி என்ற விதியை மீறியவர் ஒருவர் உண்டு. மேய்ன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ் 2016-இலேயே ட்ரம்புக்கு வாக்களிக்கமாட்டேன் என்று எழுதியவர். 2020-இல் யாருக்கு வாக்களிப்பேன் என்று சொல்லவே மறுத்தார். பைடன் மேய்னை 9 புள்ளியில் வென்றார். காலின்ஸும் ஏறத்தாழ அதே அளவில் வென்றார், எதிர்த்திசையில். அந்த ஆண்டு அதிபர் ஒரு கட்சி, செனட்டர் ஒரு கட்சி என்று பிரித்த ஒரே மாநிலம் மேய்ன். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு ஏமி கோனி பேரட்டின் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு எதிராக வாக்களித்த ஒரே குடியரசுக் கட்சியினரும் இவரே. 1997-இல் பதவியேற்றதிலிருந்து செனட்டில் ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிடாதவர் என்ற பெயர் அவருக்கு ஊர் ஊராக இருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் சேர்த்தால்தான் அந்த ஒரு விதிவிலக்கு கிடைக்கும்.

2024-இல் இதே நெருக்கடி ஜனநாயகக் கட்சிக்கு வந்தது. மொன்டானாவின் ஜான் டெஸ்டர் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு அறிவிக்கவில்லை, சிகாகோ மாநாட்டுக்கும் போகவில்லை. ஒஹாயோவின் ஷெரட் பிரவுனும் போகவில்லை. இருவரும் ஹாரிஸைவிடக் கூடுதல் வாக்கு விகிதம் பெற்றார்கள்; இருவரும் தோற்றார்கள். பென்சில்வேனியாவின் பாப் கேசி, சில வர்த்தக விஷயங்களில் ட்ரம்பின் பக்கம் நின்றதாகவே விளம்பரம் கொடுத்தார். அவரும் நூலிழையில் தோற்றார். பைடன் விஸ்கான்சின் வந்தபோது தள்ளி நின்ற டாமி பால்ட்வின், ஹாரிஸ் வந்ததும் மேடையில் கூட நின்று, ட்ரம்ப் வென்ற அந்த மாநிலத்தில் சுமார் 29,000 வாக்குகளில் பிழைத்தார். டெஸ்டருக்கு ஏழு புள்ளி கூடுதலாகத் தந்த தனிப்பெயர், ட்ரம்ப் இருபது புள்ளியில் வென்ற மாநிலத்தில் போதவில்லை. அங்கே எந்த உத்தியும் போதியிருக்காது.

வென்றவர்களிலும் இருவர் நெடுநாள் நிற்கவில்லை. 2022-இல் மீண்டும் போட்டியிடுவதில்லை என்று டூமி 2020-இலும் போர்ட்மன் 2021-இலும் அறிவித்துவிட்டார்கள். போர்ட்மனின் இடத்துக்கு வந்தவர் ஜே.டி. வான்ஸ். 2016-இல் ட்ரம்பைக் கடுமையாக விமர்சித்த அதே வான்ஸ், 2022-இல் ட்ரம்பின் ஆதரவைக் கேட்டுப் பெற்று உட்கட்சித் தேர்தலில் வென்றார். போர்ட்மன் 21 புள்ளியில் வென்ற ஒஹாயோவில் அவர் வென்றது ஆறு புள்ளியில்.