ஃபால்கன் 4.0 பைண்டர் பதிப்பு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய விமானப் போர் கேம்களைப் பெட்டியோடு சேர்த்து வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் நான் ஏமாந்தது போல இன்னொருவர் ஏமாறக் கூடாது.

மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1998 டிசம்பரில் ஃபால்கன் 4.0-ஐ வெளியிட்டபோது, முதல் பதிப்பு வளையம் போட்ட பைண்டரில் ஏறக்குறைய 600 பக்கக் கையேட்டோடு வந்தது. அதை உட்கார்ந்து படித்தால்தான் கேமில் நாம் ஓட்டும் எஃப்-16 போர் விமானம் கைக்கு அடங்கும். கேமில் கொரியத் தீபகற்பத்தில் நடக்கும் போர், நாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். இன்றைக்கும் அதற்கு ஈடாக எனக்கு வேறொன்று தெரியவில்லை. அன்று வாங்க வசதியில்லை, அதனால்தான் இத்தனை வருடம் தேடினேன்.

'ஒரிஜினல், முழு செட்' என்று ஒருவர் ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தார். படங்கள் பளிச்சென்று இருந்தன. "தளம் வழியாக வேண்டாம், நேரடியாக அனுப்புங்கள், விலையைக் குறைக்கிறேன்" என்றார். அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

பார்சலில் வந்தது ஸ்டேஷனரிக் கடை ஃபைல். அட்டையில் கலர் பிரிண்ட் ஒட்டியிருந்தது. உள்ளே எல்லாம் ஜெராக்ஸ். ஒவ்வொரு தாளிலும், குத்திய துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கறுப்பு வட்டம். அசல் தாளின் துளை நகலில் விழுந்த அடையாளம் அது. சிடியைத் திருப்பினேன், அடிப்பக்கம் பச்சை மினுக்கம். கம்பெனியில் அச்சான சிடி வெள்ளியாக இருக்கும், வீட்டில் எழுதியதில்தான் இந்தச் சாய நிறம் தெரியும். இன்ஸ்டாலும் பாதியில் நின்றுவிட்டது.

கேட்டதற்கு, "அந்தக் காலத்தில் அப்படித்தான் வந்தது" என்றார். மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் வெளியே போனதால் தளத்தாரும் கையை விரித்துவிட்டார்கள்.

'பிஎம்எஸ் போட்டுத் தருகிறேன்' என்று முன்பே தனியாகவும் காசு வாங்கியிருந்தார். ஃபால்கன் பிஎம்எஸ் என்பது இந்த கேமை மேம்படுத்த ரசிகர்களே உருவாக்கி இலவசமாகத் தரும் மென்பொருள். அசல் ஃபால்கன் 4.0 கணினியில் இருந்தால் போதும். அந்த அசல் கேமையும் டவுன்லோடாக முறைப்படி வாங்கலாம். அப்படியென்றால் பைண்டர் பதிப்புக்கு நாம் கொடுக்கும் பணம் முழுக்க அந்தக் காகிதத்துக்கும் பெட்டிக்கும்தான். அது போலி என்றால் கையில் ஒன்றுமே இல்லை.

ஆகவே சிடியின் அடிப்பக்கம், துளை தெரியும்படி உள்தாள் இரண்டு, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டு, இவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான ஆள் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

நேற்று அதே படங்கள் வேறு பெயரில் மறுபடி வந்திருக்கின்றன. முதல் படத்தில், பைண்டரின் வலது மேல் மூலையில் சின்னக் கிழிசல் ஒன்று தெரியும். அதைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.