மராக்கேஷில் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு: தலைக்கணக்கா, தட்டுக்கணக்கா?

மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் மூன்று இரவு தங்கினோம். அம்மா, அண்ணி, நாங்கள் இருவர், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர். ஓர் இரவு ஜெமா எல் ஃப்னா சதுக்கத்துக் கடைகள், மறுநாள் பழைய நகரத்துக்குள் மாளிகை போன்ற ஓர் உணவகம், கடைசி இரவு புதுநகரமான கெலீஸ் பகுதியிலுள்ள அல் ஃபாஸ்ஸியா உணவகம். இன்னொரு முறை போனால் நேராக மூன்றாவதுக்குத்தான் போவேன்.

சதுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2001இலேயே யுனெஸ்கோ போற்றிய இடம். புகையும் மேளமும் கதைசொல்லிகளுமாகப் பார்க்கவே அவ்வளவு அழகு. நத்தை சூப், தக்காளியும் பருப்பும் போட்ட ஹரீரா சூப், கரியில் வாட்டிய கறி என்று கடைக்குக் கடை நகர்ந்து சாப்பிடலாம். ஆனால் முதுகு சாய வழியில்லாத பெஞ்சில் எழுபது வயது அம்மாவை ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாது. நாங்கள் உட்கார்ந்த கடையில், கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் ஆலிவுக்கும் பில்லில் தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். ஒரே இரவு அனுபவம்தான், எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

மாளிகை உணவகம் வேறு உலகம். நடுமுற்றத்தில் நீரூற்று, சுவரெல்லாம் ஸெல்லீஜ் ஓடு, தாழ்வான மேசை, சுற்றிலும் மெத்தை. உட்கார்ந்ததும் ஒருவர் பித்தளைக் கெண்டியும் தாம்பாளமுமாக வந்து எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றினார். சின்னச் சின்னக் கிண்ணங்களில் சாலட், அப்புறம் பஸ்தியா (மெல்லிய மாவுத்தாளில் கறி பொதிந்து சுட்டது), அப்புறம் தஜீன் (கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் வேகும் குழம்பு), அப்புறம் குஸ்குஸ் (ஆவியில் அவித்த கோதுமை ரவை மணிகள்), பழம், பலகாரம், புதினா டீ. விருந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் திஃபா. அந்த வரிசையைத்தான் இந்த உணவகங்களும் பரிமாறுகின்றன. ருசியில் ஒரு குறையும் இல்லை.

குறை கணக்கில்தான். இங்கே விலை தலைக்கு இவ்வளவு. சுட்ட ரொட்டியோடு ஸாலூக் என்னும் கத்திரிக்காய் மசியல் நாலு வாய் எடுத்துவிட்டுப் போதும் என்ற அம்மாவுக்கும் முழு விலை. பஸ்தியா முடிவதற்குள் மெத்தையில் தூங்கிப்போன சின்னவனுக்கும் முழு விலை. தஜீனுக்குப் பிறகு குன்று மாதிரி குஸ்குஸ் வந்தபோது மேசையில் யாருக்கும் பசியில்லை. அது அப்படியே உள்ளே திரும்பிப் போனதைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், குஸ்குஸை மூன்று தடவை ஆவியில் வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் கையால் உதிர்த்துவிடுவார்கள். புட்டு அவிப்பவர்களுக்கு அந்த வேலை தெரியும்.

அல் ஃபாஸ்ஸியாவில் விலை தட்டுக்கு. 1987இல் தொடங்கிய இடம், சமையலிலிருந்து பரிமாறுவது வரை நடத்துவது பெண்கள். ஃபாஸ்ஸியா என்றால் ஃபெஸ் ஊர்ப் பெண். மாளிகையின் பிரமாண்டம் இங்கே இல்லை, நாற்காலி மேசைதான். ஆனால் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம். மொரோக்கோ வீடுகளில் சாப்பிடுவதும் அப்படித்தானே! ஒரே பாத்திரம் நடுவில், அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து ரொட்டியால் தொட்டு எடுப்பார்கள். ஓரத்துக் காய் முதலில், நடுவிலிருக்கும் கறி கடைசியில். ஆளுக்கொரு முழுச் சாப்பாடு என்ற கணக்கு அந்தப் பழக்கத்தோடு ஒட்டவே ஒட்டாது.

முந்தின நாளே போனில் சொல்லி வைத்தால்தான் கிடைக்கும் செம்மறியின் தோள்பகுதி வந்தது. மேலே வறுத்த பாதாம். பரிமாறிய பெண் கத்தியைத் தொடவில்லை. இரண்டு கரண்டியால் லேசாக இழுத்தார், எலும்பு தனியே வந்துவிட்டது. கூடவே உப்பில் ஊறிய எலுமிச்சையும் ஆலிவும் போட்ட கோழித் தஜீன் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாகச் சாலட், பிள்ளைகளுக்கு ஒரு பஸ்தியா. பஸ்தியாவின் மேல் பொடித்த சர்க்கரையும் பட்டைத்தூளும், உள்ளே புறாக்கறி.

"பாட்டி, இது இனிப்பா காரமா?"

"ரெண்டும்தாண்டா கண்ணா, மெதுவாச் சாப்பிடு."

மூக்கு நுனியெல்லாம் சர்க்கரையோடு அவன் பாதியைத் தின்றான், மீதியை அண்ணி எடுத்துக்கொண்டார். எலுமிச்சையை மட்டும் தனியாக எடுத்துச் சுவைத்துப் பார்த்த அம்மா, நம் வீட்டு நார்த்தங்காய் மாதிரியே இருக்கிறது என்று இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். ஒன்றுமே மிஞ்சவில்லை. முந்தின இரவைவிடக் கணிசமாகக் குறைந்த பில்.

தங்கும் ரியாதிலேயே (முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதி) சமைக்கச் சொல்வது நான்காவது வழி. காலையில் சொன்னால் போதும், பிள்ளைகள் தூங்கினால் மாடி அறைக்குத் தூக்கிப் போய்விடலாம். நாங்கள் அங்கே மதியம் ஒரு வேளைதான் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது. கைக்குழந்தை இருந்தால் அதையே யோசிப்பேன். கணவன் மனைவி மட்டும் போகிறார்கள், பாட்டும் முற்றமும் வேண்டும் என்றால் மாளிகைக்கே போகலாம்; இரண்டு பேருக்குத் தலைக்கணக்கு பெரிய சுமையில்லை.

எங்கே போனாலும் போனில் பேசும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். மாட்டுக்கறி வேண்டாம் என்றால் 'பக்ரி' (மாட்டுக்கறி) வேண்டாம், 'கன்மி' என்று கேளுங்கள், அது செம்மறி. சைவம் என்றால், ஏழு காய்கறிக் குஸ்குஸ் என்று மெனுவில் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். குஸ்குஸ் வேகும் ஆவி பெரும்பாலும் அடியில் கொதிக்கும் கறிக்குழம்பிலிருந்து வருவது, மேலே ஊற்றுவதும் அதே குழம்புதான். கறியில்லாமல் தனியாக வேகவைக்க வேண்டுமென்று முந்தின நாளே சொன்னால்தான் அவர்களுக்கும் நேரம் இருக்கும்.