கீழக்கரையில் ஒரு நாக்கு ஒட்டுப் பஞ்சாயத்து

தங்கையின் தலைப்பிரசவத்தை ஒட்டி லண்டனிலிருந்து கீழக்கரைக்கு வந்திருந்த இந்த விடுப்பில், விமானம், மதுரையிலிருந்து வந்த கார், பிரசவம் ஆகிய எதிலும் குறையில்லை. ஆகவே அவற்றைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. எழுத வைத்தது, மூன்று வாரக் குழந்தையின் நாக்கின் அடியில் இருந்த ஒரு மெல்லிய சவ்வு.

பெண் மக்களுக்கு வீடு கொடுக்கும் ஊர் எங்களுடையது என்பதால், உம்மா, பெரியும்மா, சாச்சி என எல்லோரும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள். லண்டனில் தனியாகப் பிள்ளை வளர்த்த நான் அதற்காக எத்தனையோ இரவுகள் ஏங்கியிருக்கிறேன். ஆனால் தங்கைக்கு முலைக்காம்பு வெடித்து, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அவள் கண்ணீர் விட்டபோது, கூப்பிடாமலேயே மூன்று தீர்ப்புகள் வந்துவிட்டன. அழுத பிள்ளையின் வாயை எட்டிப் பார்த்த பெரியும்மா, “நாக்கு ஒட்டியிருக்கு, அறுத்துவிடணும்” என்றார். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தால் போதும் என்றார் சாச்சி. பால் ஊறாததுதான் காரணம் என்று முடிவு கட்டிய உம்மா, பால் சுறாப் புட்டைக் கிண்டிக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் புட்டை நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டோக்கன் வாங்கி வெகுநேரம் காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கம்பவுண்டரின் தலையசைப்பில் உள்ளே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாக எங்கள் முறை வந்தபோது, மருத்துவர் விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்து, நாங்கள் உட்காரும் முன்பே முடிவைச் சொல்லிவிட்டார். “இன்னைக்கே லேசர்ல எடுத்துடலாம். விட்டா பின்னாடி பேச்சு தெளிவா வராதும்மா.” பிள்ளை பால் குடிப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, அதற்கெல்லாம் இங்கே நேரமில்லை என்று பதில் வந்தது. மேசைக்குப் பக்கத்திலேயே எடை பார்க்கும் கருவி இருந்தும், பிள்ளையை அதில் கிடத்தியவர் யாருமில்லை. பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்ற கேள்விகளும் எழவில்லை. கவுண்டரில் பணம் கட்டும் இடத்தை மட்டும் மிகத் துல்லியமாகக் காட்டினார்கள். “லாத்தா, நீங்களே பேசுங்க” என்று தங்கை என் கையைப் பிடித்தாள். யோசித்து வருகிறோம் என்று சொல்லி அவளை அழைத்து வந்துவிட்டேன்.

சவ்வை நறுக்குவதற்கு நான் எதிரியல்ல. லண்டனில் என் மூத்தவனுக்கு அது செய்யப்பட்டது. அவன் நாக்கை நீட்டினால் நுனி இதய வடிவில் பிளந்து தெரிந்தது, எடையும் ஏறவில்லை. ஆனால் அங்கே, பாலூட்டலுக்கென்று இருக்கும் செவிலியர் என் பக்கத்தில் அமர்ந்து ஒரு முழுப் பாலூட்டலைப் பார்த்த பிறகுதான் பெயரை வரிசையில் சேர்த்தார்கள். அந்த வரிசையின் நீளத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது என்பது வேறு விஷயம். சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இச்சிகிச்சையில் பெரிய பாதுகாப்புச் சிக்கல் இல்லை என்கிறது. 302 குழந்தைகளை உள்ளடக்கிய 5 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) அறிக்கையோ, தாயின் வலி சில நாட்களுக்குக் குறைகிறது, குழந்தை குடிக்கும் திறன் ஒரே சீராக மேம்படுவதாகக் காணோம் என்று நிறுத்திக்கொள்கிறது. பிற்காலப் பேச்சைக் காரணம் காட்டிக் கைக்குழந்தைக்கு நறுக்குவதற்கு ஆதாரமில்லை என்றும், கத்தரிக்கோலைவிட லேசர் மேலானது என்பதற்கும் ஆதாரமில்லை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இத்தனையையும் இரவில் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். வலியில் இருப்பவளுக்கு அறிக்கைகளால் என்ன பயன்?

பயன் தந்தவர், பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த எண்ணை, சரிபார்க்க வந்த அரசு சுகாதாரச் செவிலியர். பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும், “பிள்ளைக்குப் பசி எடுக்கட்டும்மா, நான் இருக்கேன்” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறந்தபோது 2.9 கிலோ இருந்த பிள்ளையைத் தொங்கு தராசில் போட்டு 3.3 என்று அட்டையில் எழுதினார். ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று கேட்டார். ஆறுக்குக் குறையாமல் போனால் பால் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம் என்றார். பிள்ளை குடிக்கத் தொடங்கியதும், முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி காம்பை மட்டும் சப்புவதைக் கண்டுபிடித்தவரும் அவரே. வயிறோடு வயிறு ஒட்டும்படி பிள்ளையைத் திருப்பிக் கிடத்தி, வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக உள்ளே போகும்படியும் முகவாய் மார்பில் பதியும்படியும் அணைக்கச் சொன்னார். தங்கையின் தோள்கள் தளர்ந்ததை அறையிலிருந்த எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் நாக்கைப் பார்த்தார். சவ்வு இருக்கிறது, ஆனால் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீள்கிறது, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், வலி தீராவிட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன் என்றார். வசம்பு வாய்க்குள் போகக் கூடாது என்பதையும் சாச்சியின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் எடை 3.5 ஆனது, வலது பக்கப் புண் ஆறிவிட்டது, இடது பக்கம் தொடக்கத்தில் சற்றே சுரீர் என்கிறது. இப்போதைக்கு நறுக்க வேண்டாம், எடை நின்றாலோ புண் திரும்பினாலோ போகலாம் என்று தங்கையே முடிவு செய்தாள். பெரியும்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. 45 நாள் ஊசி போடும் அன்று நாக்கை மீண்டும் பார்ப்பதாகச் செவிலியர் சொல்லியிருக்கிறார்; பிள்ளைக்குப் பசி எடுக்கும் நேரமாகப் பார்த்து வர வேண்டும் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.