கிளிநொச்சியில் ஒரு குடும்ப வரி, நிதி ஆலோசனைச் சேவை: என் மதிப்பீடு

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரமாக இயங்கும் சிறிய கணக்கு அலுவலகம் ஒன்று, வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதோடு, தனியாட்களுக்கும் குடும்பங்களுக்கும் வரி, நிதித் திட்டமிடல் ஆலோசனையும் வழங்கி வருகிறது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவர் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பதும், சம்பளம், கடை வாடகை, வட்டி என்று பல வழிகளில் பணம் வரும் குடும்பத்துக்குக் கட்டணம் வீண்போகாது என்பதும் என் கருத்து.

இதற்குக் காரணம், சம்பளத்தில் மாதாமாதம் வரி கழிக்கப்படுவதால் தமது கடமை முடிந்துவிட்டது என்று நம் பகுதி உத்தியோகத்தர்கள் பலர் நம்பியிருப்பதே. மாதம் 200,000 ரூபாய் பெறுபவரின் ஆண்டுச் சம்பளம் 2,400,000 ரூபாய்; 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 1,800,000 ரூபாய் தனியாள் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத தொகை, போக எஞ்சும் 600,000 ரூபாய்க்கு 6 சதவீதப்படி 36,000 ரூபாய் வரி கழிக்கப்படும். அவருக்குக் கடை வாடகையாக மாதம் 40,000 ரூபாயும், நிலையான வைப்பு வட்டியாக ஆண்டுக்கு 200,000 ரூபாயும் வருமானால் கணக்கு மாறிவிடும். வாடகையில் 25 சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழித்து மீதி 360,000 ரூபாயையும் வட்டியையும் சேர்த்தால், வரிக்குரிய தொகை 1,160,000 ரூபாயாகிறது. முதல் 1,000,000 ரூபாய்க்கு 6 சதவீதம், மேலதிக 160,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என மொத்த வரி 88,800 ரூபாய். சம்பளத்தில் கழித்த 36,000 ரூபாயையும் வட்டியில் 10 சதவீதமாக வங்கி பிடித்த 20,000 ரூபாயையும் விட்டால், இன்னும் 32,800 ரூபாய் அவரே செலுத்த வேண்டும். ஆலோசகர் இந்தக் கணக்கை ஒரே தாளில், படிப்படியாகத் தமிழில் எழுதி விளக்கினார். அந்தத் தாளுக்கே பாதிக் கட்டணம் கொடுக்கலாம்.

என் தாயாரின் விடயத்தில் கிடைத்த பயன் நேரடியானது. அவருக்கு வைப்பு வட்டியைத் தவிர வேறு வருமானம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் வட்டியில் 10 சதவீதத்தை முற்பண வரியாகக் கழிக்கின்றன. ஆனால் ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாயைத் தாண்டாதவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்று, வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கொடுத்தால் அந்தக் கழிப்பைத் தவிர்க்கலாம். ஆண்டுக்கு 400,000 ரூபாய் வட்டி பெறும் முதியவருக்கு இது 40,000 ரூபாய். படிவத்தை நிரப்புவதற்கு முன்னர் ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, இந்தப் பணம் உண்மையிலே உங்களுடையதா, இல்லாவிட்டால் பிள்ளைகளுடையதை உங்கள் பெயரில் போட்டிருக்கிறார்களா?” என்பதுதான். வரியைக் குறைக்கப் பெயரை மாற்றும் பழக்கத்துக்கு அவர் துணைபோகவில்லை என்பதை நான் மதிக்கிறேன். கணவனும் மனைவியும் வரிச் சட்டத்தில் தனித்தனி ஆட்கள் என்பதையும், இருவருக்கும் தனித்தனி நிவாரணம் உண்டு என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்.

நிதித் திட்டமிடலில் அவர் கடனிலிருந்தே தொடங்கினார். அடகு வைத்த நகை, உழவு இயந்திரத்துக்கான லீசிங், நுண்கடன், சீட்டு என்பன வன்னிக் குடும்பங்களில் ஒன்றாகவே இருக்கும் என்பதால், அவற்றின் வட்டியை எல்லாம் வரிசைப்படுத்தி, கூடிய வட்டிக் கடனை அடைக்காமல் புதிய வைப்பு வேண்டாம் என்றார். காலபோக அறுவடைப் பணம் வந்ததும் நகையை மீட்பதே அவருடைய முதல் யோசனை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் வருமானமல்ல, ஆனால் அதை ரூபாய் வைப்பாகப் போட்டால் வரும் வட்டி வருமானமே என்றும் சொன்னார். பெருந்தொகையை ஒரே நிதி நிறுவனத்தில் குவிக்க வேண்டாம் என்பதற்கு, வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபாய் வரையே பாதுகாக்கும் என்ற காரணத்தைக் காட்டினார்.

குறை இரண்டாவது சந்திப்பில் வெளிப்பட்டது. அலுவலகத்தின் மற்றோர் ஊழியர் ஆயுள் காப்புறுதித் திட்டமொன்றை எடுத்து வந்து, கட்டுப்பணத்தைக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்றார். இன்றைய சட்டப்படி அது தவறு. வீட்டுக் கூரையில் சூரிய மின்கலம் பொருத்தும் செலவுக்கு ஆண்டுக்கு 600,000 ரூபாய் வரை கழிவு இருக்கிறதே தவிர, காப்புறுதிக்கு இல்லை. காப்புறுதி தேவையா என்பது வேறு கேள்வி, ஆனால் தரகு வாங்குபவரின் வாயிலிருந்து ஆலோசனை என்ற பெயரில் அது வரக் கூடாது. கட்டணத்தையும் முன்கூட்டியே எழுத்தில் தருவதில்லை. கேட்ட பிறகே சொல்கிறார்கள், அடையாள இலக்கப் பதிவுக்குத் தனியாக அறவிடுகிறார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்தப் பதிவை இலவசமாகவே செய்யலாம். சந்தேகம் இருந்தால் 1944 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

போக விரும்புபவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். மார்ச் 31 இல் முடியும் மதிப்பீட்டாண்டுக்கான மீதி வரியைச் செப்டெம்பர் 30 க்குள் கட்டி, ஆண்டு வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்பதால், கடைசி வாரங்களில் அங்கு நின்று பேச இடமிருப்பதில்லை. சிறுபோக அறுவடைக்கு முன்னரே, சம்பளத்தில் கழித்த வரிக்கான சான்றிதழ், வங்கியின் வட்டிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், கடன் புத்தகங்கள் ஆகியவற்றோடு சென்றால், அந்த ஆலோசகர் ஒவ்வொரு தாளையும் அவசரமின்றிப் பார்த்துத் தருகிறார்.