கிரீஸ் கையோடு தொழில் வழிகாட்டலுக்குப் போனேன்

பரந்தனில் ஒரு கராஜில் 12 வருடமாக வேலை. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு ட்ராக்டர், நாலு சில்லு ட்ராக்டர், பெரும்போக வெட்டுக் காலத்தில் அறுவடை மெஷின், எது வந்தாலும் கழற்றிப் பூட்டுவேன். ஆனால் கையில் ஒரு சான்றிதழும் கிடையாது. 2008 இல் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு இடப்பெயர்வு, செட்டிகுளம் முகாம். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. வாடிக்கையாளரோடு கதை என்று முதலாளி சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிப்ளோமாவோடு புதிதாக வந்த பெடியன் கதைப்பான், நான் ட்ராக்டருக்கு அடியில் படுத்திருப்பேன்.

மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல்தான் ஒரு பயிற்சி நிலையத்தின் தொழில் வழிகாட்டலுக்குப் போனேன். மூன்று அமர்வு, கட்டணம் இல்லை.

முதல் நாள் வெறுத்துப்போனது. ஹொலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதரின் தொழில் ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரித்தாராம், அதை வைத்து ஒரு கேள்வித்தாள். படம் வரையப் பிடிக்குமா, பாடப் பிடிக்குமா என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்பது போல. கடைசியில் கையால் செய்யும் வேலை எனக்குப் பொருந்துமாம். அம்மாவைக் கேட்டிருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பா.

இரண்டாம் நாள் வழிகாட்டும் மிஸ் கேள்வித்தாளைத் தொடவே இல்லை. "தம்பி, நேற்று முதலில் வந்த வாகனத்துக்கு என்ன செய்தீர்? ஒன்றும் விடாமல் சொல்லும்" என்றா. கறுப்புப் புகை கக்கிய ஒரு லான்ட்மாஸ்டர். எயார் கிளீனரைப் பார்த்தது, நொசிலைக் கழற்றி டீசல் எப்படித் தெளிக்கிறது என்று பார்த்தது, திரும்பப் பூட்டி லைனில் இருந்த காற்றை எடுத்தது என்று சொல்லச் சொல்ல எழுதினா. 14 வரி வந்தது. "இதில் எத்தனை அந்தப் பெடியனுக்குத் தெரியும்?" யோசித்தேன். ஆறு. அந்த ஆறையும் காட்டிக் கொடுத்தது நான்தான்.

என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டம் இருப்பதையும், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். இத்தனை வருடம் ஒருவரும் சொல்லவில்லையே!

மூன்றாம் நாள் நடித்துப் பழகினோம்: மிஸ் கமக்காரர், நான் மெக்கானிக். "ஏன் இவ்வளவு காசு?" என்று அதட்டினா. முதல் தடவை உளறினேன், நாலாவது தடவை கணக்கைப் பிரித்துச் சொன்னேன். அடுத்த கிழமை முரசுமோட்டை ஐயா ஒருவரிடம் அதையே சொன்னேன். பேரம் பேசாமல் காசைத் தந்தார். முதலாளி கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார்.

குறை இல்லாமல் இல்லை. கிழமை நாளில் மட்டும்தான் நடக்கிறது, மூன்று நாள் சம்பளம் போனது. அறைக்குக் கதவு இல்லை, வெளியே வாங்கில் இருப்பவர்களுக்கு நம்முடைய கதை முழுக்கக் கேட்கும். முதல் நாளை வெட்டினால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், இப்போதைக்கு மூன்றரை.

போகிறவர்கள் வெட்டுக் காலம் முடிந்த பிறகு போங்கள். பழைய பில் துண்டுகள், போனில் எடுத்த படங்கள் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். நான் எறிந்துவிட்டு இப்போது ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.